கோடை முகத்தில் விரால்

பங்குனி பிறந்து, ஏரியின் ஜலம் மதகுப் பக்கமாக ஒதுங்கத் தொடங்கும் காலத்தில், தூண்டிற்காரர் முதலில் கண்ணைச் செலுத்த வேண்டியது நடு ஏரியின் ஆழத்தில் அல்ல. கரையோரத்து அல்லி இலைகளுக்கும் கோரைகளுக்கும் நடுவே தெரியும் சிறு சிறு இடைவெளிகளில்தான். விரால், செவுளால் சுவாசிப்பதோடு திருப்தியடையாமல், தலைக்குள் அமைந்த விசேஷ உறுப்பின் உதவியால் காற்றையும் நேரே உட்கொள்ளும் பிராணியாதலால், அவ்வப்போது மேலே வந்து, 'களக்' என்ற சப்தத்துடன் ஒரு குமிழியை விட்டுச் செல்வது அதன் நித்திய வழக்கம். அந்தக் குமிழியே அது நமக்குக் கொடுக்கும் விலாசம்.

முன்பெல்லாம் உயிருள்ள சிறு தவளையை முள்ளில் கோத்தார்கள். இப்போது ரப்பர் தவளை கடையிலேயே கிடைக்கிறது; இரட்டை முள் முதுகோடு படிந்து மேல்நோக்கியிருப்பதால், பாசியில் சிக்காமல் வழுக்கி வரும் அதன் அமைப்பு மெச்சத்தக்கதே. அதைக் குமிழியின் மேலேயே எறியாமல், இரண்டு முழம் தாண்டி எறிந்து, இழுத்தும் நிறுத்தியும், தவளை தத்துவது போல அவ்விடத்தைக் கடக்கச் செய்ய வேண்டும். காலையும் மாலையுமே உசிதம். நீர் வெடித்த க்ஷணமே வெட்டி இழுப்பது, என்னையும் சேர்த்து, அவசரக்காரர் யாவரும் செய்யும் பிழை. மீன் தவளையைக் கவ்விக்கொண்டு திரும்ப ஓரிரு விநாடி அவகாசம் கொடுத்து, நூல் விறைத்த பின்னரே கோலை உயர்த்துக.

செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று நீர்மேல் கொப்பளிப்பதைக் கண்டால் மட்டும், நூலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் பார்ப்பது தர்மம். அதன் கீழே பெற்ற மீன்கள் காவலிருக்கின்றன.