இரைச்சலுக்கு அடியில் இருக்கும் சேதி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு மொட்டைமாடி போதும். நடுவில் பிரித்துக் கட்டிய 10 மீட்டர் செப்புக் கம்பி, கீழே அறையில் ஓர் அமெச்சூர் ரேடியோ செட், பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப். செட்டை 14.074 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஸ்பீக்கரில் இரைச்சலும், அதனூடே மெல்லிய ரீங்காரங்களும் கேட்கும். 15 விநாடிக்கு ஒருமுறை அத்தனையும் சட்டென்று நின்று மறுபடி தொடங்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரையில் வரிகள் விழும்: ஜப்பானிலிருந்து ஒருவர் அழைக்கிறார், இத்தாலியிலிருந்து ஒருவர் பதில் சொல்கிறார். அந்த வரிகளில் பலவற்றுக்கு உரிய ஒலி, எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் காதுக்குப் பிடிபடாது.

இந்த முறைக்கு எஃப்.டி.8 என்று பெயர். ஸ்டீவ் ஃபிராங்கி, ஜோ டெய்லர் என்ற இரண்டு ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். இந்த டெய்லர்தான் 1974இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து, அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்தவர். அதற்காக 1993இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விண்மீனின் மங்கிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த அதே கை, ஓய்வுக்குப் பிறகும் ஹாம்களுக்காக இலவச மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

கணக்கைப் பார்த்தால் வியப்பு கூடும். ஒரு சேதியின் அளவு வெறும் 77 பிட். இரண்டு அழைப்புக்குறிகளும் ஓர் இடக்குறிப்பும் அதற்குள் அடங்கிவிடும். அதோடு 14 பிட் சரிபார்ப்பும் 83 பிட் பிழைதிருத்தமும் சேர்ந்து 174 பிட் ஆகிறது. அதாவது, சேதியைவிட அதைக் காப்பாற்றும் காவல் பெரியது. மும்மூன்று பிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சுருதிகளில் ஒன்றை ஒலித்தால் 58 சுருதிகள். நேரத்தையும் அதிர்வெண்ணையும் கண்டுபிடிக்க முன்கூட்டியே தெரிந்த 21 சுருதிகளையும் இடையிடையே செருகுகிறார்கள். ஆக மொத்தம் 79 சுருதிகள், 12.64 விநாடி.

சுருதிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சாவி அங்கேதான் இருக்கிறது. 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் வரும் மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டால், சிக்னலின் சக்தி அதில் ஏறத்தாழ 125இல் ஒரு பங்காக இருக்கும்போதும் எஃப்.டி.8 அதைப் படித்துவிடுகிறது. ஆனால் மென்பொருள் 2,500 ஹெர்ட்ஸையும் ஒன்றாகக் கேட்பதில்லை. 6.25 ஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய சன்னல் வழியே பார்க்கிறது. அந்தச் சன்னலுக்குள் விழும் இரைச்சல், மொத்தத்தில் 400இல் ஒரு பங்கு. எனவே அங்கே சிக்னல் இரைச்சலைப்போல மூன்று மடங்கு ஓங்கி நிற்கிறது. ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தின் இரைச்சலில், எந்தக் குரலை எந்தச் சுருதியில் எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது கேட்டுவிடும்.

இதிலிருந்தே செட்டை எப்படி அமைப்பது என்பதும் வந்துவிடுகிறது. ரேடியோவில் இருக்கும் வசதிகளில் பெரும்பாலானவை மனிதக் காதுக்காகச் செய்தவை. இரைச்சல் குறைப்பு, நாய்ஸ் பிளாங்கர், ஸ்பீச் கம்ப்ரெஸ்ஸர், குரலுக்கான ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஃபில்டரை 3 கிலோஹெர்ட்ஸ் வரை அகலத் திறந்துவைக்க வேண்டும். பிரித்தெடுக்கும் வேலையை ரேடியோ செய்யப் போனால் கணினிக்குப் போக வேண்டிய தகவல்தான் தேயும். 7 மெகாஹெர்ட்ஸில் பேச்சுக்கு லோயர் சைட்பேண்ட் வைப்பது வழக்கம். டிஜிட்டல் முறைகளுக்கு எந்த அலைவரிசையிலும் அப்பர் சைட்பேண்ட்தான்.

புதிய செட்டுகள் ஒரே யு.எஸ்.பி. கேபிளில் ஒலியையும் கட்டளைகளையும் கணினிக்கு அனுப்பிவிடும். பழைய செட்டென்றால் நடுவே ஒரு சவுண்ட் கார்டு இன்டர்ஃபேஸ் தேவை. கணினியில் ஒலியை அழகுபடுத்தும் அமைப்புகளை எல்லாம் நிறுத்திவிட வேண்டும். கணினியின் வழக்கமான ஒலிகளை வேறு ஸ்பீக்கருக்கு மாற்றிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் மின்னஞ்சல் வந்த மணியோசையும் சேர்ந்து வானலையில் போகும். சிக்னல் எதுவும் இல்லாத வெறும் இரைச்சலில் மென்பொருளின் மீட்டர் 30 டெசிபல் அருகே நின்றால் உள்வரும் அளவு சரி.

அனுப்பும்போதுதான் உண்மையான கவனம் தேவை. ஆடியோவைக் கூட்டிக்கொண்டே போனால் செட்டின் ஏ.எல்.சி. என்னும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு குறுக்கிட்டு அலையை நசுக்கத் தொடங்கும். 700 ஹெர்ட்ஸ் சுருதி 1,400இலும் 2,100இலும் தன் நிழல்களைப் பதித்து அடுத்தவர் இடத்தைக் கெடுக்கும். ஏ.எல்.சி. மீட்டர் அசையத் தொடங்கும் இடம் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் குறைத்து நிறுத்துவதே முறை. மென்பொருளில் ஸ்பிளிட் வசதியை இயக்கினால், அனுப்பும் சுருதி எப்போதும் 1,500க்கும் 2,000க்கும் இடையே அமையும். அதன் இரட்டிப்பு 3,000க்கு மேல் போய் ஃபில்டரில் அடிபட்டுவிடும். பேச்சில் மூச்சுவிட இடைவெளி உண்டு. எஃப்.டி.8இல் 12.64 விநாடியும் முழுச் சக்திதான். 100 வாட் செட்டை 30, 40 வாட்டில் ஓட்டுவது கரிசல் பூமியின் சித்திரை வெயிலில் செட்டுக்குச் செய்யும் தர்மம்.

கணினியின் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். தவறினால் திரை காலியாகவே கிடக்கும். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைத்தாலும் சரி, ஒரு ஜி.பி.எஸ். ரிசீவரைச் செருகினாலும் சரி.

ஊருக்கே உரிய சிக்கல் இரைச்சல். எல்.இ.டி. பல்புகள், சோலார் இன்வெர்ட்டர்கள், ராஜபாளையம் பக்கம் போனால் நூற்பாலை மோட்டார்களின் டிரைவ்கள் என்று ரேடியோ இரைச்சலைப் பரப்பக் கூடியவை சுற்றிலும் உண்டு. செட்டை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துவிடலாம். ஐரோப்பாவுக்கான திசை வடமேற்கு என்பதால் கம்பியை வடகிழக்கு–தென்மேற்காக இழுக்க வேண்டும். மேற்கே மலைத்தொடர் நிற்பதால் மிகத் தாழ்ந்த கோணத்தில் போகும் அலை கொஞ்சம் அடிபடும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்த மண்ணுக்கு வேறொரு சிறப்பு இருக்கிறது. புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் விண் ஆய்வு ராக்கெட் தும்பாவில் கிளம்பியதற்கும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் இதுவே காரணம். பகலில் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் இந்தக் கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. சூரியன் மறைந்த பிறகு அயனிமண்டலத்தின் மேலடுக்கு இன்னும் உயர்ந்து, அதனுள் அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் கிளம்பும். அப்போது அதன் வழியே வரும் சுருதி நடுங்கிச் சிதறுகிறது. 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி நம்பியிருக்கும் துல்லியம் உடைகிறது. சிக்னல் வலுவாக இருந்தும் திரையில் வரி விழாத மாலைகள் வரும். பதற்றத்தில் செட்டைக் குடைய வேண்டாம், வானம் தன்னைப் பற்றித் தகவல் தந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தகவலைச் சேர்த்துவைக்க இன்னும் பொருத்தமான முறை டெய்லர் 2008இல் தந்த விஸ்பர். அரை வாட்டுக்கும் குறைந்த சக்தியில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் அனுப்பினால் போதும். எஃப்.டி.8 பிடிப்பதில் பத்தில் ஒரு பங்கு சிக்னலையும் அது படிக்கும். உலகெங்கும் உள்ள நிலையங்கள் யாரை எப்போது எவ்வளவு வலிமையில் கேட்டன என்பது பொதுத் தரவாகச் சேர்கிறது. 2017 ஆகஸ்ட் 21 அமெரிக்கச் சூரிய கிரகணத்தின்போது ஹாம்களின் இத்தகைய பதிவுகளை வைத்து அயனிமண்டலத்தை ஆராய்ந்தார்கள். ஹாம்கள் பூமியைப் பிரித்திருக்கும் கட்டங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் எம்.ஜே.89இல் வருகின்றன. புவிகாந்த நடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் தொடர்ந்து இயங்கும் ஒரு நிலையம் சேர்க்கும் பதிவுக்கு எடை அதிகம்.

அனுப்புவதற்கு மத்தியத் தகவல்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி லைசன்ஸ் பெற வேண்டும். 12 வயது நிரம்பியிருந்தால் போதும், பள்ளிப் பிள்ளைகளே எழுதலாம். அப்படித் தொடங்குபவர்களுக்கு ஒரு நாள் காத்திருக்கிறது: 2031 மே 21 அன்று ஒரு வளையச் சூரிய கிரகணம், கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை வழியாகப் போகிறது. நண்பகலுக்குச் சற்றுப் பின்னால் நிழல் விழும்போது, பகலில் 7 மெகாஹெர்ட்ஸை விழுங்கும் அயனிமண்டலக் கீழடுக்கு கொஞ்ச நேரம் தளரும். தூரத்து நிலையங்கள் எழுந்து மறுபடி அமுங்கும். அன்று மட்டும் செட்டைப் போட்டால் இதை அளக்க முடியாது. முந்தைய வாரங்களின் சாதாரண நண்பகல்களும் அதே கம்பி, அதே வாட், அதே அளவில் பதிவாகியிருக்க வேண்டும்.