நாரா நகரத்துப் பெரிய புத்தர்

ஜப்பான் என்றதும் நம்மில் இளையவர்களுக்கு மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரும். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சயாம் மரண ரயில் பாதை நினைவுக்கு வரும். இரண்டையும் இன்று ஒருபுறம் வைத்துவிட்டு, எட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டின் தலைநகராக விளங்கிய நாரா என்னும் ஊருக்குப் போவோம். அங்கே தோதாய்ஜி என்னும் பௌத்தக் கோயில் இருக்கிறது. 'கீழைப் பெருங்கோயில்' என்பது அப்பெயரின் பொருள். அதனுள்ளே வைரோசன புத்தர் வெண்கலச் சிலையாகத் தாமரைப் பீடத்தின்மேல் அமர்ந்திருக்கிறார். உட்கார்ந்த நிலையிலேயே உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். ஒரு கண்ணின் நீளம் மட்டும் 1 மீட்டர். காது இரண்டரை மீட்டர். நம்மில் நல்ல உயரமான ஒருவர் பக்கத்தில் நின்றாலும் அந்தக் காதின் அளவுக்கு வரமாட்டார்.

இதைச் செய்வித்தவர் ஷோமு என்னும் பேரரசர். செய்வித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் எளிதில் கிடைத்துவிடும். செய்தவர்கள் யார்? அதைத்தான் நாம் இன்று தேடிப் பார்க்கப் போகிறோம்.

735ஆம் ஆண்டில் ஜப்பானில் பெரியம்மை பரவியது. இரண்டே ஆண்டுகளில் நாட்டு மக்களில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மாண்டுபோயிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஏழை, பணக்காரர் என்ற பேதம் அதற்கில்லை. அரசாங்கத்தையே ஆட்டிவைத்த ஃபுஜிவாரா குடும்பத்து அண்ணன் தம்பிகள் நால்வரும் 737ஆம் ஆண்டில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். வயலில் இறங்க ஆள் இல்லை. 740இல் ஒரு கலகமும் மூண்டது. இவையெல்லாம் தம் ஆட்சியின் குறையால் வந்தவை என்று ஷோமு மனம் நொந்தார். 743இல் பெரிய புத்தர் சிலை ஒன்றை வார்க்கப் போவதாக அறிவித்தார்.

அந்த அறிவிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. நாட்டின் செல்வமும் அதிகாரமும் என் கையில் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு சிலையைச் செய்துவிடுவது எளிது, ஆனால் அதில் மனம் சேராது என்று பேரரசரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே ஒரு சிறு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவர் எவராயினும் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இதைச் சாக்காக வைத்து அதிகாரிகள் மக்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, வற்புறுத்தி வசூலிக்கக்கூடாது என்றும் கட்டளையிடுகிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரண்மனையிலிருந்து வரும் நல்ல வார்த்தை கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை கைகள் மாறும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பேரரசருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் மக்கள் நம்பிய ஒருவரை அவர் தேடினார்.

அவர் பெயர் கியோகி. 668இல் பிறந்த துறவி. கோயிலுக்குள் அடைந்து கிடக்காமல் ஊர் ஊராக நடந்து எளிய மக்களிடையே அறம் பேசியவர். பேசியதோடு நிற்கவில்லை. குளம் வெட்டினார், கால்வாய் எடுத்தார், பாலம் கட்டினார். அந்நாளில் உழவர்கள் தங்கள் வரிப்பொருளைத் தாங்களே சுமந்து தலைநகருக்குக் கால்நடையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திரும்பும் வழியில் சோறின்றி விழுந்து செத்தவர்கள் பலர். அவர்களுக்காகக் கியோகி வழியெங்கும் தங்கும் விடுதிகள் அமைத்தார். இப்படிப்பட்டவரைத்தான் 717ஆம் ஆண்டில் அரசாங்கம் பெயர் சொல்லிக் கண்டித்தது. மக்களைக் கூட்டிக் குழப்பம் செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. அதே அரசாங்கம் பெரிய சிலைக்கு ஆள் திரட்ட வேண்டி வந்தபோது அவரிடமே போய் நின்றது. 745இல் நாட்டின் தலைமைத் துறவி என்ற பதவியும் கொடுத்தது. கியோகி ஏன் சம்மதித்தார் என்று நாம் கேட்கலாம். அவர் கூப்பிட்டால் மக்கள் வந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

இனி வேலையைப் பார்ப்போம். சிலைக்கு ஏறக்குறைய 500 டன் செம்பு வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்த நாகனோபோரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. இன்று யமாகுச்சி மாநிலத்தில் இருக்கும் அந்த இடத்தைத் தோண்டி ஆராய்ந்தபோது, மையால் எழுதிய மரச்சீட்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் செம்பு உருக்கியவர்களின் பெயர்களும், உருக்கிக் கொடுத்த செம்பின் எடையும் இருக்கின்றன. பாலை நிறுத்து, பெயருக்கு நேரே எடையைப் பதிவது நமக்குப் பழக்கமான காரியம்தானே! இது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அதே வகைக் கணக்கு.

சிலையை வார்த்த முறை வியப்பானது. முதலில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் களிமண்ணால் புத்தரின் முழு உருவத்தைச் செய்தார்கள். அது காய்ந்ததும் வெளிப்புறம் களிமண் அப்பி அச்சு எடுத்தார்கள். பிறகு உள் உருவத்தின் மேற்பரப்பைச் சில அங்குலம் சுரண்டிக் குறைத்து, வெளி அச்சைத் திரும்பப் பொருத்தினால் இடையே ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே தடவையில் ஊற்ற முடியாது. ஆகவே அடியிலிருந்து தொடங்கி எட்டுப் படிகளாக ஊற்றினார்கள். ஒரு படி முடிந்ததும் சுற்றிலும் மண் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின்மேல் உலைகளை வைத்து அடுத்த படிக்கு ஊற்றினார்கள். கடைசிப் படி முடிந்தபோது புத்தர் ஒரு மண் குன்றுக்குள் புதைந்திருந்தார். அந்தக் குன்றைத் திரும்பக் கூடை கூடையாக வாரியெடுத்தார்கள். 747இல் தொடங்கிய வார்ப்பு 749இல் முடிந்தது. இதற்குத் தலைமை தாங்கிய சிற்பி குனினாகா நோ கிமிமாரோ. அவருடைய பாட்டனார் கொரிய நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்.

அடுத்தது தங்கமுலாம். தங்கம் ஒரு பங்குக்குப் பாதரசம் ஐந்து பங்குக்கு மேல் சேர்த்துக் கரைத்து, சிலைமீது பூசி, கரிநெருப்பால் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி மனிதனின் நுரையீரலையும் நரம்பையும் கெடுக்கும் நஞ்சு என்று இன்று நமக்குத் தெரியும். இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பாதரசம் இவ்வாறு ஆவியாகப் போயிற்று. நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அதைச் சுவாசித்தார்கள்.

வேலைக்கு வந்தவர்களைக் கோயிலின் பழைய ஏடு கணக்கிட்டு வைத்திருக்கிறது. மரவேலை, உலோக வேலை, கூலியாட்கள் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 26 லட்சத்துக்கு மேல் வருகிறது. அன்றன்று வந்த ஆட்களைக் கூட்டிய தொகையாகவே இதைக் கொள்ள வேண்டும். இவர்களில் எத்தனை பேர் புல்லும் மண்ணும் கொண்டுவந்து மனம் விரும்பி வந்தவர்கள், எத்தனை பேர் அதிகாரிக்குப் பயந்து வந்தவர்கள்? 757இல் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாகப் பிடிபட்ட நாராமாரோ என்னும் பிரபு, விசாரணையில், தோதாய்ஜியைக் கட்டி மக்களை வாட்டினார்கள் என்று சொன்னார். அந்த வேலை உம்முடைய தந்தை அமைச்சராக இருந்தபோதே தொடங்கியதல்லவா என்று விசாரித்தவர்கள் மடக்க, அவர் வாயடைத்துப் போனார். இரு தரப்பும் நல்லவர்களாகத் தோன்றவில்லை. ஆனால் மக்கள் வாடவில்லை என்று யாரும் மறுத்துச் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

752இல் கண் திறக்கும் விழா நடந்தது. கியோகி அதைக் காணவில்லை, 749லேயே மறைந்துவிட்டார். பேரரசர் ஷோமுவும் அரியணையை மகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். சிலைக்குக் கண் எழுதியவர் பாரத நாட்டிலிருந்து 736இல் ஜப்பானுக்கு வந்த போதிசேனர் என்னும் துறவி. அவர் பிடித்த தூரிகையில் ஏறக்குறைய 200 மீட்டர் நீளமுள்ள நீலப் பட்டுக் கயிற்றைக் கட்டி, கீழே நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றைத் தொட்டவர் அனைவரும் கண் எழுதியவரே என்பது கருத்து. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் என்னும் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

சிலை மட்டும் அப்படிப் பத்திரமாக இருக்கவில்லை. 855இல் தலை விழுந்தது, பழுது பார்த்தார்கள். 1180இல் போர்ப்படை வைத்த தீயில் மண்டபம் எரிந்து, சிலையும் உருகிச் சிதைந்தது. அப்போது மீண்டும் கட்டும் பொறுப்பை ஏற்றவர் சோகென் என்னும் துறவி. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எவ்வளவு சிறிய காணிக்கையாயினும் போதும் என்று சொல்லி ஊர் ஊராக வசூலித்தார். பெருமரங்களுக்காக யமாகுச்சிப் பக்கத்துக் காடுகளுக்குள் போனார். வெட்டிய மரங்களை மிதக்கவிட ஆற்றில் தண்ணீர் போதவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட சிறு அணைகள் கட்டி நீரைத் தேக்கி அனுப்பினார். மரம் வெட்டியவர்களின் உடல்வலி தீர, கல்லால் நீராவிக் குளியல் அறைகள் கட்டிக் கொடுத்தார். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. மண்டபத்தைக் கட்டியதைவிட இதற்காகவே அவரைப் பெரிதாக நினைக்கத் தோன்றுகிறது.

கோயிலின் தெற்கு வாயிலில் நிற்கும் இரண்டு காவல் தெய்வங்களும் அவர் காலத்தவை. எட்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மரச்சிலைகளை 1203இல் உன்கெய், காய்கெய் முதலிய சிற்பிகள் 69 நாட்களில் செய்து முடித்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,000 மரத்துண்டுகளை இணைத்தது. 1988 முதல் 1993 வரை அவற்றைப் பிரித்துப் பழுது பார்த்தபோது, உள்ளே தலைமைச் சிற்பிகளின் பெயர்களோடு உதவிச் சிற்பிகளைப் பற்றிய குறிப்பும் கிடைத்தது. சிலையை மூடிவிட்டால் வெளியே தெரியாத இடம் அது.

1567இல் இன்னொரு போர், இன்னொரு தீ. மரச்சட்டத்தின்மேல் செப்புத் தகட்டைச் சுற்றித் தற்காலிகத் தலை வைத்தார்கள். தற்காலிக மண்டபமும் 1610இல் புயலில் விழ, புத்தர் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார். 1684இல் கோகெய் என்னும் துறவி மறுபடியும் காசு காசாகச் சேர்க்கத் தொடங்கினார். 1692இல் சிலை சரியாயிற்று. மண்டபம் எழுந்தது 1709இல். கோகெய் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். பணமும் மரமும் போதாததால் முன்பு 86 மீட்டர் இருந்த அகலம் 57 மீட்டராகக் குறைந்தது. குறைந்த பிறகும் உலகின் மிகப் பெரிய மரக்கட்டடங்களில் ஒன்றாக அது நிற்கிறது.

ஆகவே இன்று நாம் காணும் புத்தரின் தலை 17ஆம் நூற்றாண்டினர் செய்தது. கைகள் 16ஆம் நூற்றாண்டினுடையவை. தாமரை இதழ்களில் பலவும் மடியின் சில பகுதிகளும் நாகனோபோரிச் செம்பு.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 7ஆம் நாள் அதிகாலையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கோயிலில் குளித்து, வெள்ளாடையும் வைக்கோல் செருப்பும் அணிந்து மண்டபத்துக்குள் வருகிறார்கள். மந்திரம் ஓதி வணங்கிவிட்டுச் சிலைமீது ஏறுகிறார்கள். சிலர் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியபடி முகத்தைத் துடைக்கிறார்கள். மற்றவர்கள் மடியிலும் உள்ளங்கையிலும் நின்று, ஓராண்டுத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டி, வாளியில் வாரிக் கீழே இறக்குகிறார்கள்.