கணிப்பொறிக்கு அவசரத் திருத்தம்

அங்கத்தினரின் பங்குத்தொகை, நூல் இருப்பு, கூலிப் பேரேடு ஆகியன இன்று பல சங்கங்களில் கணிப்பொறியில் உள்ளன. அதன் இயங்குதளத்தில் குறை காணப்படின், ஆக்கியோர் திருத்தம் வெளியிடுவர். அதனை ஆராய்ந்து குறை இன்னதெனக் கள்வரும் அறிவர்; ஆதலின் தாமதம் ஆபத்தாகும்.

2017 மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கு அத்தகைய திருத்தம் ஒன்றை அளித்தது. அதனை இடாதிருந்த கணிப்பொறிகளை மே 12இல் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவி, கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. மருந்து இருந்தும் இரண்டு மாதம் வீணாயிற்று.

செய்யவேண்டியவை யாவை? முதலாவது, கணக்குகளைத் தனி வட்டில் படியெடுத்து, வட்டைக் கழற்றி வைத்தல். இரண்டாவது, கணிப்பொறியின் அமைப்புகள் பகுதி வழியாகவே திருத்தத்தைப் பெறுதல். அஞ்சலில் வரும் இணைப்புகளை நம்பலாகாது. மூன்றாவது, கேட்கப்படின் கணிப்பொறியை மறுபடி தொடங்குதல்; அதுவரை திருத்தம் முழுமை பெறாது.

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. அதனை வைத்திருக்கும் சங்கங்கள் மாற்று ஏற்பாட்டை நிர்வாகக் குழுவில் உடனே முடிவு செய்தல் நலம்.