சிறுநீரகம் பிழைக்குமா?

லூபஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். முகத்தில் ஓநாய் கடித்தாற்போன்ற புண் தோன்றக் கண்ட பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் இப்பெயரை இட்டனர் என்பர். பெயர் தோலைப் பற்றியதாயினும், நோய் தோலோடு நிற்பதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைப் பகையெனக் கருதித் தாக்குவதால், மூட்டு, இரத்தம், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய எதையும் இது பற்றக்கூடும். நோயுற்றோர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் 15 வயதிற்கும் 45 வயதிற்கும் இடைப்பட்டவர்கள். டில்லியை அடுத்த நாட்டுப்புறத்தில் டாக்டர் மாளவியாவும் அவர்தம் குழுவினரும் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வு, இலட்சம் மக்களில் ஏறத்தாழ மூவருக்கு இந்நோய் இருந்ததெனக் காட்டியது. தொகை சிறிதுதான். ஆனால் கல்லூரியில் பயிலும் மகளுக்கோ, புதிதாய் மணமான மருமகளுக்கோ இது வந்துவிட்ட வீட்டில் தொகையைச் சொல்லி ஆறுதல் கூற இயலாது.

லூபஸ் உற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறுநீரகமும் தாக்கப்படுகிறது. அப்பொழுது வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றே: "டாக்டர், சிறுநீரகம் பிழைக்குமா?" இதற்குச் சோதிடம் போல விடை கூற எந்த மருத்துவராலும் முடியாது. எனினும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட நிலையும் இன்று இல்லை. எந்தெந்தக் குறிகளைக் கொண்டு அவர்கள் எதிர்காலத்தை ஓரளவு மதிப்பிடுகிறார்கள் என்பதை இங்கு விளக்க முற்படுவோம்.

முதற்குறி, ஊசியால் எடுக்கப்படும் சிறுநீரகத் துணுக்கு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. பகைப் பொருள்கள் அவற்றில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. துணுக்கை நுண்பெருக்கியில் நோக்கும் வல்லுநர் நோயை ஆறு வகுப்புகளுள் ஒன்றில் அடக்குவர். மூன்றாம், நான்காம் வகுப்புகள் கடுமையானவை. ஆறாவது, பெரும்பகுதி அழிந்துபட்ட நிலை. ஆனால் வகுப்பைக் காட்டிலும் நம் கேள்விக்கு நெருங்கிய செய்தி வேறொன்று உண்டு. புண் எவ்வளவு, வடு எவ்வளவு என்பதே அது. புண்ணாகிய அழற்சிக்கு 24 வரையிலும், வடுவாகிய நிலைத்த சேதத்திற்கு 12 வரையிலும் மதிப்பெண் இடுவர். புண் மருந்துக்கு ஆறும்; வடு ஆறாது. ஆகவே முதல் எண் மிகுந்திருந்தால் சிகிச்சைக்கு இடமுண்டு என்று பொருள். இரண்டாம் எண் மிகுந்திருந்தாலோ, காலம் கடந்து வந்திருக்கிறார்கள் என்று பொருள். ஊசி என்றதும் அஞ்சி மாதக் கணக்கில் ஒத்திப்போடும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்த மாதங்களில் புண் வடுவாகிக் கொண்டிருக்கும்.

இரண்டாம் குறி, சிகிச்சை தொடங்கிய பின் சிறுநீரில் வெளியேறும் புரதத்தின் அளவு. உடல்நலமுள்ளவருக்கு ஒரு நாளில் 150 மில்லிகிராமுக்கு மேல் வெளியேறுவதில்லை. இந்நோயில் அது பல கிராம்களாக உயரும். தொடக்க அளவிலிருந்து மூன்று மாதத்தில் கால் பங்கேனும், ஆறு மாதத்தில் பாதியேனும் குறைந்து, ஓராண்டில் அரை கிராம் முதல் 0.7 கிராம் வரை வந்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்துள்ள அளவுகோல். தொடக்கத்தில் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இன்னும் ஆறு மாதமோ ஓராண்டோ கூடுதலாகத் தேவைப்படலாம்.

இவ்வளவுகோல் வெறும் ஊகத்தால் எழுந்ததன்று. ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரும் சோதனையில் பங்கு கொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. ஏழாம் ஆண்டில் சிறுநீரகம் நன்கு இயங்கியவர்களுள் நூற்றுக்கு 81 பேர், ஓராண்டு முடிவிலேயே 0.8 கிராமுக்குக் கீழ் வந்திருந்தனர். நன்கு இயங்காதவர்களுள் நூற்றுக்கு 78 பேர் அக்கோட்டைத் தாண்டியே நின்றிருந்தனர். எளிய மூத்திரப் பரிசோதனை ஒன்று இவ்வளவு சொல்லுமென்பது வியப்பே. ஆனால் எண்ணைத் திருப்பிப் படிக்கலாகாது: கோட்டிற்குக் கீழ் வராதவர் எல்லோருக்கும் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களிலும் பலர் பின்னர் நலமாயிருந்திருக்கின்றனர். வராவிடில் மருத்துவர் சிகிச்சையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பதே பொருள்.

ஐரோப்பியருக்குப் பொருந்துவது நம்மவர்க்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. சண்டிகரில் உள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தில் நூறு நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு, குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு ஊசியும் மைக்கோபீனோலேட் மாத்திரையும் 24 வாரங்களில் ஏறக்குறைய ஒத்த பலன் தந்தன எனக் கண்டது. புதுச்சேரி ஜிப்மரில் நடந்த மற்றோர் ஆய்வோ, குறைந்த அளவு ஊசியைவிடக் கூடிய அளவு ஊசியே மேலான பலன் தந்தது என்றது. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கேட்ட கேள்விகள் வேறு. எனினும், அயல்நாட்டு அளவுகளை அப்படியே நம் நாட்டில் நாட்டிவிட முடியாது என்பதை இவை உணர்த்துகின்றன.

நுண்பெருக்கியில் தெரியாத குறி ஒன்றும் உண்டு. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளுதல். மலேரியாவுக்கென வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின், தக்க தடையில்லாத லூபஸ் நோயாளர் அனைவருக்கும் இன்று தரப்படுகிறது. கண் பரிசோதனையோடு ஆண்டுக் கணக்கில் தொடர வேண்டிய மருந்து அது. முகம் தெளிந்து வீக்கம் வடிந்ததும் "சரியாய்ப் போயிற்று" என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. ஆங்கில மருத்துவர் கூறும் நிலையை நாம் 'குணம்' என்று பெயர்த்துவிடுகிறோம். 'தணிவு' என்பதே சரி. தணிந்தது மீண்டும் மூளலாம். சிறுநீர் தெளிந்து நோய் முற்றும் தணிந்தவர்களாகக் கருதப்பட்ட சிலரிடம் மறுமுறை துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உள்ளே அழற்சி இன்னும் இருந்ததை அர்ஜென்டினா நாட்டு மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

மகப்பேற்றை விரும்பும் பெண்கள் இதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும். மேற்கூறிய மைக்கோபீனோலேட்டும் சைக்ளோபாஸ்பமைடும் கருவுக்குக் கேடானவை. நோய் ஆறு மாதமேனும் தணிந்திருந்த பின், மருந்தை மாற்றிக்கொண்டு கருவுறுதலே பாதுகாப்பு. இதனை மாமியார் முன்னிலையில் கேட்க நாணும் பெண்கள் தனித்துக் கேட்கலாம்.

ஊசியின்றி, சிறுநீரிலேயே அழற்சியின் அடையாளங்களைத் தேடும் முயற்சியில் லக்னோவின் சஞ்சய் காந்தி மருத்துவ நிலையத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் ஈடுபட்டுள்ளனர். வழக்கமான பரிசோதனையாக அது இன்னும் எங்கும் பரவவில்லை. அதுவரை துணுக்கு அறிக்கையும் புரத அளவுமே கைவிளக்கு. மாற்றலாகி டில்லியிலிருந்து கல்கத்தாவுக்கோ நாகபுரிக்கோ பெயர்கின்ற நம்மவர் குடும்பங்கள், பாத்திரம் பண்டங்களோடு முதல் மாதத்துப் பரிசோதனைச் சீட்டையும் துணுக்கு அறிக்கையையும் கைப்பையிலேயே எடுத்துச் செல்வார்களாக. தொடக்க அளவு தெரியாவிடில், கால் பங்கு குறைந்ததா, பாதி குறைந்ததா என்று புதிய ஊரின் மருத்துவர் எதைக் கொண்டு அளப்பார்?