வசனம் பிடிக்க எந்த மைக்?

கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கும் காலம் இது. படம் பளிச்சென்று இருக்கிறது; வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.

பின்னர் டப்பிங்கில் சரிசெய்யலாம் என்பார்கள். நம் கதைகளுக்கு அது எப்போதும் கைகொடுக்காது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்களின் கதையை நம் பேச்சுத் தமிழிலேயே சொன்னது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகவும் தேர்வானது. அந்தப் பேச்சின் இழுவையையும் தயக்கத்தையும் ஒரு தோட்டத்துப் பாட்டி டப்பிங் அறையில் மறுபடி தருவது கடினம். அங்கேயே, அப்போதே பிடித்துவிட வேண்டும்.

அதற்குத்தான் ஷாட்கன் மைக். ஆனால் வாங்குமுன், படப்பிடிப்பு நடக்கும் இடத்தைக் காதால் பாருங்கள்.

வெளியே

சிம்பாங் பூலாயில் ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சில்வண்டு. மறுபக்கம் குவாரியிலிருந்து கல் ஏற்றி வரும் லோரி. ஷாட்கன் மைக்கின் நீண்ட குழாயில் பக்கவாட்டுப் பிளவுகள் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலி அவற்றின் வழியே நுழைந்து தன்னைத்தானே மங்கச் செய்துகொள்ளும். இது கீச்சொலிக்கே பொருந்தும். 25 சென்டிமீட்டர் குழாய் சில்வண்டைக் குறைக்கும். லோரியின் உறுமலைக் குறைக்காது. மைக்கில் ‘லோ கட்’ இருந்தால் ஓரளவு உதவும். லோரி போகும்வரை காத்திருப்பதே மேல்.

உள்ளே

தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வெறுஞ்சுவர் கொண்ட பழைய லயத்து வீட்டில் அதே மைக் தடுமாறும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பிளவுகளில் புகுந்து குரலைக் கெடுத்துவிடும். அங்கே குழாய் இல்லாத ஹைப்பர்கார்டியாய்டு மைக் நல்லது. தரையில் போர்வை விரியுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

எதை வாங்கலாம்?

நம் ஊர் ஈரக்காற்றைத் தாங்க வேண்டும். சென்ஹைசர் எம்கேஎச் 416, ரோட் என்டிஜி 3 இரண்டும் அதற்குப் பேர்போனவை; 48 வோல்ட் மின்சாரம் தரும் ரெக்கார்டர் தேவை. பணம் இடித்தால், ஒற்றை ஏஏ பேட்டரியிலும் ஓடும் என்டிஜி 2 போதும். காற்றைத் தடுக்கும் உரோம உறைக்கும் பூம் கம்புக்கும் பணம் ஒதுக்குங்கள். இரண்டு நாள் படப்பிடிப்பு என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

எந்த மைக்கும் ஜூம் லென்ஸ் அல்ல. கேமரா தலையில் மாட்டினால் விலை உயர்ந்த மைக்கும் வீண். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். பிரேமுக்குச் சற்று மேலே, வாயை நோக்கிப் பூமைப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். அவர் காதில் ஹெட்போன் இருக்கட்டும்.