மைக் செட் காலம் – 14: ஊசி தொடும் இடம்

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் வந்ததும் சாலையின் சத்தம் மாறிவிடும். கணவாய் ஏற்றத்துக்கு லாரிகள் கியரைக் குறைத்து முனகத் தொடங்குகிற இடம் அது. எதிரே இறங்கிவரும் வண்டிகளின் பிரேக் சூட்டு வாசனை டீக்கடை வரைக்கும் வரும். அப்படி ஒரு கடையில் வைத்துத்தான் தம்பி ஒருவர் கேட்டார்.

"டர்ன்டேபிள் வாங்கலாம்னு இருக்கேண்ணா. ரெக்கார்டு மேல கை வெச்சு லேப்டாப் பாட்டை ஓட்டுற சிஸ்டம். செராட்டோ நல்லதா, டிராக்டர் நல்லதா?"

அப்பா காலத்தில் கோயில் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டிய குடும்பம். இப்போது கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றுக்கும் தம்பிதான் பாக்ஸ் இறக்குகிறார். டிஜே என்று பத்திரிகையில் பெயர் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

"சாஃப்ட்வேரைக் கடைசியில பாத்துக்கலாம் தம்பி. உங்க செட்டுல எர்த் எப்படி இருக்கு?" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

இந்த முறையில் ஓடும் ரெக்கார்டில் பாட்டே கிடையாது. தொடர்ந்து ஒரே தொனி, அதற்குள் பொதிந்த குறியீடு, அவ்வளவுதான். டைம்கோடு ரெக்கார்டு என்பார்கள். ஊசி அந்தத் தொனியைப் படித்துச் சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது. தட்டை வேகமாகத் தள்ளினால் தொனி ஏறும், பிடித்து இழுத்தால் இறங்கும். பின்னோக்கிச் சுழற்றினாலும் கணினிக்குத் தெரியும். இடது, வலது தடங்களில் ஒரே தொனியைக் கால் அலை தள்ளிப் பதித்திருப்பதால், எது முந்துகிறது என்று பார்த்தே திசையைச் சொல்லிவிடலாம். குறியீட்டைப் படித்து, ரெக்கார்டின் எந்த இடத்தில் ஊசி நிற்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடும். லேப்டாப்பில் இருக்கும் எம்பி3 பாட்டு அந்தக் கை அசைவுக்கு அப்படியே கட்டுப்பட்டு ஓடும்.

ஆம்ஸ்டர்டாமில் என்2ஐடி என்ற நிறுவனம் ஃபைனல் ஸ்கிராட்ச் என்ற பெயரில் இதை முதலில் மேடைக்குக் கொண்டுவந்தது. ரிச்சி ஹாட்டின், ஜான் அக்வாவிவா போன்ற டிஜேக்கள் அதை ஊர் ஊராக எடுத்துப்போனார்கள். 2004-இல் நியூசிலாந்தின் செராட்டோவும் அமெரிக்காவின் ரேனும் சேர்ந்து ஸ்கிராட்ச் லைவ் என்ற ஜோடியை விற்பனைக்கு விட்டன. பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிராக்டர் ஸ்கிராட்ச்சோடு பின்னால் வந்தது. பெட்டி பெட்டியாக ரெக்கார்டு சுமந்த டிஜேக்கள் அதன்பிறகு இரண்டே ரெக்கார்டோடு விமானம் ஏறினார்கள்.

இனி எர்த்துக்கு வருகிறேன். செராட்டோ ரெக்கார்டில் இருக்கும் தொனி 1000 ஹெர்ட்ஸ். தட்டு தன் வழக்கமான வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும்போதுதான் அந்தக் கணக்கு. ஸ்கிராட்ச் பண்ணும்போது கை தட்டை மெல்ல நகர்த்துகிற கணங்கள் உண்டு. வேகம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் தொனியும் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நம் வீட்டு மின்சாரம் ஓடுவதும் அதே 50 ஹெர்ட்ஸில்தான். எர்த் சரியில்லாத செட்டில் "உர்ர்" என்று ஹம் அடிக்கிறதே, அந்தச் சத்தமும் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. தட்டு மெதுவாக நகரும்போது கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தமும் அதே அளவுக்கு மெலிந்துபோகும். போதாததற்கு, ரெக்கார்டுக்கான ஃபோனோ ஆம்ப் கீழ்த்தொனிகளைத் தூக்கிக் கொடுக்கும்படி அமைந்தது. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 7 மடங்கு கூடுதலாகப் பெருக்கும். கை சொல்வது எது, ஜெனரேட்டர் சொல்வது எது என்று எந்த சாஃப்ட்வேரால் பிரிக்க முடியும்? பாட்டு தானாக நகரும், அல்லது நடுங்கும்.

ஆகவே வாங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொன்னேன். முதலில் எர்த். டர்ன்டேபிளின் பின்னால் பிளவுபட்ட முனையோடு ஒரு மெல்லிய வயர் தொங்கும், அதை மிக்ஸரின் எர்த் திருகில் இறுக்க வேண்டும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் ஹம் எங்கிருந்து வருகிறது என்பது பாதி புரிந்துவிடும். ஹம் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. மழை ஈரத்தில் பந்தல் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை நினைத்தாவது அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து தட்டு. டைரக்ட் டிரைவ் வேண்டும். பெல்ட்டில் ஓடுவது கையை எடுத்ததும் வேகம் பிடிக்கத் தடுமாறும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டு 1972-இல் வந்தது, டிஜேக்கள் கொண்டாடும் எம்கே2 வடிவம் 1979-இல். 2010-இல் நிறுத்தினார்கள், 2016-இல் மறுபடி தொடங்கினார்கள். பழையதை வாங்கலாம், ஆனால் ஊசிக்கை தளர்ந்திருக்கிறதா என்று விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். நம் ரேடியோ செட் காலத்து காரார்ட் தட்டுகள் ஜெனரேட்டர் தள்ளாடினால் பாட்டையும் இழுத்துவிடும். பழைய ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். எம்கே2-வில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைப் பிடித்துவைத்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

சவுண்ட் கார்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நமது பந்தல் மிக்ஸர்களில் மைக், லைன் என்ற இரண்டு வழிதான் உண்டு. தட்டிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதற்கு ஃபோனோ உள்ளீடு வேண்டும். இரண்டு தட்டு என்றால் நான்கு தடம் உள்ளே, நான்கு தடம் வெளியே. சந்தையில் கிடைக்கும் சாதாரண இரண்டு தடக் கார்டு ஆகாது. தாமதத்தையும் பாருங்கள். 44,100 மாதிரியில் பஃபர் 256 என்று வைத்தால் கை அசைவுக்கும் ஒலிக்கும் நடுவே அதனால் மட்டும் சுமார் 6 மில்லிசெகண்ட். பஃபரை ஏற்றிக்கொண்டே போனால் தட்டு கைக்கு அந்நியமாகிவிடும்.

சாஃப்ட்வேர் இப்போதுதான். செராட்டோ தான் ஒப்புக்கொண்ட கருவிகளோடு மட்டும் பேசும், பதிலுக்குப் பொருத்தம் பிசகாது. காசில்லாமல் தொடங்க மிக்ஸ் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. டென்மார்க்கில் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாக 2001-இல் தொடங்கிய திறமூலப் பணி அது. தகுந்த சவுண்ட் கார்டு இருந்தால் டைம்கோடு ரெக்கார்டையும் படிக்கும். தொப்பூரில் முதல் வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். பணத்தை ஊசிக்கும் கார்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பாட்டுக்குப் பாட்டு மாற்றுவது மட்டுமே வேலை என்றால் தட்டே வேண்டாம், ஒரு கன்ட்ரோலர் போதும். கை ரெக்கார்டைத் தொட ஏங்குகிறது என்றால் மட்டும் இந்தப் பாடு. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அப்பாவின் கை நின்ற இடத்தில் மகன் தன் கையை வைக்க ஆசைப்படுவதை எந்தக் கணக்கும் போட்டு மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஷெட்டில் இரவல் தட்டு ஒன்றை வைத்துப் பார்த்தோம். மிக்ஸில் வைனல் பக்கத்தைத் திறந்தால் திரையில் ஒரு வட்டம் தெரியும். இடது தடமும் வலது தடமும் சேர்ந்து வரைகிற வட்டம். சுத்தமாக இருந்தால் சிக்னல் சுத்தம். எங்களுக்கு வந்தது நசுங்கிய முட்டை. ஊசியில் சாலைப் புழுதி உருண்டு ஒட்டியிருந்தது. மெல்லிய தூரிகையால் பின்னாலிருந்து முன்னாகத் துடைத்தார். எர்த் வயரை இறுக்கினார். ஊசிக்கையின் எடையை 3 கிராமுக்குக் கொண்டுவந்தார். முட்டை வட்டமானது.

தட்டின் மேல் ஒரு விரலை வைத்து மிக மெதுவாக நகர்த்தினார். பாட்டு அந்த விரலோடு ஊர்ந்தது. அவர் மூச்சுகூட விடவில்லை. வெளியே பாரம் ஏற்றிய லாரி ஒன்று கணவாய்ப் பக்கம் திரும்பியது. சிமெண்ட் தரை வழியாக அந்த அதிர்வு ஏறி வந்ததும் வட்டம் நடுங்கி மறுபடி நின்றது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மூட்டை மணல் வெக்கணும்ணா" என்றார்.