உயரமானவருக்குப் போதாத நீள வண்டி

க்ரூஸர் மோட்டார் பைக்குகள் பார்வைக்கு நெடியவை. ஆனால் அவற்றின் மீது ஆறடி மனிதர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முழங்கால் ஒரு பக்கம், முதுகெலும்பு ஒரு பக்கம் முறையிடுகின்றன. உதிரி பாகம் கப்பலில் வர வேண்டிய அந்தமானில் இதைச் சரிசெய்வது தனிக் கலை.

ஆறடி உயரம் கொண்டவர் சிறிய பைக்கில் போனால் சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டுவது போல இருக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். கேலி பொறுக்காமல் அவர் கடைக்குப் போகிறார். தாழ்ந்த இருக்கை, பின்னால் வளைந்து வரும் ஹேண்டில்பார், நீர்த்துளி வடிவ டாங்க், நீண்ட உடல் கொண்ட க்ரூஸர் அவர் கண்ணில் படுகிறது. நமக்கென்றே செய்தது என்று நினைத்து வாங்கிவிடுகிறார். வீட்டுக்கு ஓட்டி வரும் வழியிலேயே விஷயம் புரிந்துவிடுகிறது. நீளமாக இருப்பது வண்டி. கால் வைக்கும் இடம் அல்ல.

இந்தத் தவறான கணக்கு இந்தியா முழுவதும் நடக்கிறது என்றாலும், அந்தமான் தீவுகளில் அதன் விலை சற்று அதிகம். போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) நகரமே மேடும் பள்ளமுமாக அமைந்தது. தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிடியா டாப்புவுக்குப் போகும் சாலை வளைந்து வளைந்து செல்கிறது. வடக்கே ரங்கத், மாயாபந்தர் வழியாக திக்லிபூர் செல்லும் அந்தமான் டிரங்க் ரோடில் பேருந்துக்கே ஒரு முழுப் பகல் பிடிக்கிறது. அதில் ஜிர்காடாங் தாண்டி ஜாரவா பழங்குடியினரின் காப்பு நிலத்தின் ஊடே செல்லும் பகுதியில் வாகனங்கள் அணியாக, போலீஸ் காவலுடன்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. பழங்குடியினரின் நிம்மதிக்காக இருக்கும் அந்த விதி நியாயமானதே. மொத்தத்தில் இவை வேகமாகப் போகும் சாலைகள் அல்ல. மெதுவாகப் போய், திரும்பித் திரும்பி, அடிக்கடி பிரேக் பிடிக்கும் சாலைகள். அமெரிக்க நெடுஞ்சாலையின் நேர்கோட்டை மனதில் வைத்துப் பிறந்த வண்டிக்கு இது அயல்மண்.

க்ரூஸர் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நானும் சலித்துவிட்டேன். 'உலாவண்டி' என்று எழுதினால் சாமி புறப்பாடு நினைவுக்கு வருகிறது. போர்ட் பிளேரில் 'க்ரூஸர்' என்றால் கடற்படைத் தளத்துக்காரர்களுக்குப் போர்க்கப்பல் நினைவுக்கு வரலாம். ஆகவே க்ரூஸராகவே இருக்கட்டும்.

இந்த ரகத்தின் இந்திய வரலாறு சுருக்கமானது. கவாசாகியுடன் சேர்ந்து பஜாஜ் 2001-ல் கொண்டுவந்த எலிமினேட்டர், அதன் வாரிசாக 2005-ல் வந்த அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட், 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350, 2023-ல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியார் 650. என்ஃபீல்டு வண்டிகள் நம் சென்னைச் சரக்கு. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய கதை. ஆனால் அந்தப் பழைய புல்லட் க்ரூஸர் அல்ல. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன அந்த வண்டியில் நிமிர்ந்து உட்காரலாம், கால் நேராகக் கீழே தொங்கும். நெடிய சர்தார்ஜிகள் அதில் எந்தப் புகாரும் இல்லாமல் ஊர் சுற்றினார்கள்.

எங்கே வலிக்கிறது, ஏன்?

எண்களைப் பார்த்தால் புரியும். மீட்டியார் 350-ன் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர். சூப்பர் மீட்டியாரும் அவெஞ்சரும் 740 அல்லது அதற்கும் குறைவு. அதே என்ஃபீல்டின் கிளாசிக் 350-ல் 805. ஹிமாலயன் 450-ல் 825, தேவைப்பட்டால் 845-க்கு உயர்த்தலாம். சராசரி இந்திய ஆணின் உயரம் சுமார் ஐந்தடி ஐந்தரை அங்குலம் என்பதால் தாழ்ந்த இருக்கை கடைக்காரருக்கு வரப்பிரசாதம். சிக்னலில் இரண்டு பாதமும் தரையில் பதியும். வாங்குபவர் முகம் மலரும்.

உயரமானவருக்குத் தரையைத் தொடுவது ஒரு பிரச்சினையே அல்ல. அவருக்கு வேண்டியது இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடையிலான தூரம். இருக்கை கீழே இறங்கிவிட்டதால் அந்தத் தூரம் குறைகிறது. ஃபுட்ரெஸ்டை முன்னால் தள்ளி ஈடுகட்டியிருக்கிறார்கள். ஆனால் சராசரிக் காலுக்குத்தான். நீண்ட கால் மடங்கி முழங்கால் மேலே எழும்புகிறது. தொடை இருக்கையில் படியாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதனால் உடலின் எடை முழுவதும் பிட்டத்தின் பின்பகுதிக்கும் வால் எலும்புக்கும் போய்ச் சேர்கிறது. இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் போடுகிறது. சாதாரண பைக்கில் குழி வந்தால் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். கால் முன்னால் நீட்டியிருக்கும் க்ரூஸரில் அது முடியாது. குழியின் அடி நேராக முதுகெலும்புக்கு. போதாக்குறைக்கு இந்த ரகத்தில் பின்பக்க ஷாக் அப்ஸார்பர் இயங்கும் தூரமும் குறைவு.

வலியாவது மாத்திரையோடு போகும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவிலோ, ஜெட்டியின் நெருக்கடியில் வண்டியைத் திருப்பும்போதோ, பின்னால் வளைந்து வரும் ஹேண்டில்பாரின் முனை முழங்காலில் இடிக்கும். ஹேண்டில் அதற்கு மேல் திரும்பாது. மெதுவாகப் போகும் 200 கிலோ வண்டி அந்த நொடியில் சாயத் தொடங்கினால் ஆறடி உயரமும் காப்பாற்றாது. அளவெடுத்த கால் பெடலுக்குப் பொருந்தாமல் பாதம் கோணலாக நிற்கும்போது பின் பிரேக்கும் அரை வினாடி தாமதமாகிறது.

மலிவான வைத்தியம் முதலில்

செலவில்லாததிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். மீட்டியார் 350-ல் ஆறு படிகள் உண்டு. கனமான ஆள் ஏறினால் வண்டியின் பின்பகுதி அமுங்கிவிடும். இரண்டு படி கூட்டினால் அது நிமிரும், குழியில் அடிவாங்குவது குறையும். பிரேக் பெடலையும் கியர் லீவரையும் பாதத்தின் நீளத்துக்கேற்ப மேலோ கீழோ நகர்த்தலாம். கிளட்ச், பிரேக் பிடிகளை முன்னங்கையின் நேர்கோட்டில் வருமாறு சற்றுக் கீழே திருப்பலாம். பத்து நிமிட வேலை. பலர் ஐந்து ஆண்டு ஓட்டியும் இதைச் செய்வதில்லை.

அடுத்தது இருக்கை. க்ரூஸரின் இருக்கையில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கும். பார்க்க அழகு, உண்மையில் அது உயரமானவரை முன்னால் தள்ளி டாங்கோடு ஒட்டவைக்கும் சிறைச் சுவர். சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்து அந்த மேட்டை ஒன்றிரண்டு அங்குலம் பின்னுக்குச் செதுக்கச் சொன்னால் போதும். உட்காரும் இடம் பின்னால் போகும், முழங்கால் விரியும், ஹேண்டில் முனை தொடையைத் தொடாது. கூடவே ஓர் அங்குலம் ஸ்பாஞ்ச் ஏற்றினால் இன்னும் நல்லது. என் கணிப்பில், கொடுக்கும் காசுக்கு இதைப் போலப் பலன் தரும் வேலை வேறில்லை. பின்னால் உட்காரும் மனைவியின் இடம் குறைகிறது என்பது மட்டும் சிக்கல். அதைக் குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதை நின்ற வண்டியிலேயே சோதிக்கலாம். போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. தொடை இருக்கையில் படிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்தால் அதுதான் அளவு. மெத்தென்ற ஸ்பாஞ்ச் கடையில் சுகமாக இருக்கும், அரை மணி நேரத்தில் அமுங்கி எலும்பு தகட்டில் உட்காரும். கையால் அழுத்தினால் எளிதில் உள்ளே போகாத கெட்டியான ஸ்பாஞ்சே வேண்டும். மேலே மெல்லியதாய் ஒரு மெத்தை அடுக்கு போதும்.

அந்தமானில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே அதைப் போல இரு மடங்கு, சுமார் 3,000. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ரெக்ஸினில் போட்ட ஒவ்வொரு தையல் துளையும் தண்ணீருக்கு வாசல். சாதாரண ஸ்பாஞ்ச் நீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காயாது. வெயில் அடிக்கும் நாளில்கூட உட்கார்ந்தவரின் கால்சட்டை நனையும். ஆகவே ஸ்பாஞ்சுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே பிளாஸ்டிக் உறை ஒன்று கட்டாயம். தையலை உட்காரும் பரப்பில் போடாமல் ஓரத்தில் போடச் சொல்ல வேண்டும்.

இரும்பில் கைவைக்கும் முன்

ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் வைக்கும் கட்டைகள் கிடைக்கின்றன. ஓர் அங்குலம் உயர்த்தினாலே முழங்கால் இடிப்பது குறையும், தோள் இறங்கும். ஆனால் ஹேண்டில் உயர்ந்தால் கேபிள்களின் நீளம் போதாமல் போகும். வேலை முடிந்ததும் ஒரு சோதனை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைத் தானாக ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். வளைவில் திரும்பும்போது வண்டி தானே பாயும். பிரேக் ஹோஸ் எங்காவது முறுக்கிக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டு வெளியே வரக் கூடாது.

ஃபுட்ரெஸ்டை இன்னும் முன்னால் தள்ளுவது பெரிய வேலை. தகடும் போல்ட்டும் மட்டும் போதாது. பிரேக் பெடலும் கியர் லீவரும் கூடவே முன்னால் வர வேண்டும், அவற்றின் கம்பிகளும் நீள வேண்டும். லேத் பட்டறையில் வெல்டிங் வைத்து ஒட்டிய பிரேக் கம்பியை நம்பி மலையிறங்குவதைவிட முழங்கால் வலியோடு இறங்குவது மேல். அந்த மாடலுக்கென்றே செய்த முழுத் தொகுதி கிடைத்தால் மாட்டலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். க்ராஷ் கார்டில் மாட்டும் கூடுதல் ஃபுட்ரெஸ்டும் உண்டு. காலை நீட்டி இளைப்பாற நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பிரேக் காலுக்கு எட்டாது. நாயும் மாடும் வளைவுக்கு வளைவு காத்திருக்கும் தீவுச் சாலையில் எனக்கு அது பிடிக்கவில்லை.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. ஸ்பாஞ்ச் ஏற்றுவதும் பெடலைச் சரிசெய்வதும் அந்தச் சான்றிதழைத் தொடுவதில்லை. சட்டகத்தை வெட்டி முன்சக்கரத்தைத் தள்ளிவைத்தால் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மாறும், பிடிபடும். இன்சூரன்ஸ்காரருக்கும் அது நல்ல சாக்கு.

2011 கணக்கெடுப்பின்படி தீவுவாசிகளில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். அவர்களுக்குச் சென்னை இன்னமும் பெரிய கடைத்தெரு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைப்பது இங்கே கிடைக்காது. கடல் வழியில் சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். எனவே ஊருக்குப் போகும்போது இருக்கையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது சுலபம். வண்டியையே கொண்டுபோக முடியாது. ஹேண்டில் கட்டை வாங்கும்போதே நீளமான கேபிளையும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண போல்ட் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம்.

கால் உள்பக்க அளவு 34 அங்குலத்துக்கு மேல் உள்ளவர்கள் இத்தனையும் செய்வதற்கு முன் வேறு வண்டி ஒன்றில் ஏறிப் பார்ப்பது நல்லது என்பேன். இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச், ஓர் அங்குலக் கட்டை, செதுக்கிய மேடு எல்லாம் சேர்ந்தாலும், பிறவியிலேயே உயரமான ஹிமாலயன் போன்ற வண்டி தரும் இடத்தை க்ரூஸர் தராது. அழகு விட மாட்டேன் என்றால் அது வேறு விஷயம்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த அவஸ்தை குறைவு. ஹேவ்லாக்கில் (2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு) ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் 12 கிலோமீட்டர்தான். வாடகை வண்டியில் ஸ்பாஞ்சைச் செதுக்க முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து, ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். முழங்காலில் இடித்தால் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரைக் கேளுங்கள்.